தாஜ்மஹால்: கதைகளும் கடதாசிகளும்

தாஜ்மஹாலைப் பற்றி எழுதுவதற்கு இனி என்ன மிச்சமிருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்து வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளிலும் கொழும்புக் கடைகள் தரும் நாட்காட்டிகளிலும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். நேரில் பார்ப்பதற்கு முன்னரே அதைப் பற்றிய கதைகள் அனைத்தும் எமக்குத் தெரிந்துவிடுகின்றன. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

பத்திரிகை ஆசிரிய பீடத்தில் நான் பணியாற்றிய காலத்தில், ஞாயிறு இதழுக்கென வாசகர்கள் அனுப்பும் கட்டுரைகளில் தாஜ்மஹால் பற்றியவை ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ வந்துவிடும். அவற்றில் நான்கு செய்திகள் திரும்பத் திரும்ப இடம்பெறும். காதலின் பொருட்டு மாத்திரமே அது எழுப்பப்பட்டது என்பது முதலாவது. வேலை முடிந்ததும் சிற்பிகளின் கைகளை மன்னன் துண்டித்தான் என்பது இரண்டாவது. யமுனையின் மறுகரையில் தனக்கெனக் கருங்கல்லில் இன்னொரு தாஜ்மஹாலைக் கட்டத் தொடங்கினான் என்பது மூன்றாவது. உண்மையில் அது ஒரு சிவாலயம் என்பது நான்காவது. பிந்திய ஆண்டுகளில்தான் இது கூடுதலாக வரத் தொடங்கியது.

எமது அலுவலகத்தில் மூத்த ஒப்புநோக்காளர் ஒருவர் இருந்தார். எழுத்துப் பிழை திருத்துவதுதான் அவருடைய வேலை. ஆனால் இத்தகைய வரிகளைக் கண்டால் சிவப்பு மையினால் ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதி ஆசிரியருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். யார் சொன்னது? எப்போது சொன்னது? சொன்னவர் அங்கே இருந்தாரா? பத்திரிகைத் தொழிலைக் கற்பிக்கும் நூல்கள் பலவற்றைப் பின்னாளில் வாசித்திருக்கிறேன். அந்த மூன்று கேள்விகளுக்கு மேலாக அவை எதையும் கற்றுத் தந்ததாக நினைவில்லை. அக்கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு தாஜ்மஹாலை ஒருமுறை சுற்றி வருவோம்.

அர்ஜுமந்த் பானு பேகம் என்ற மும்தாஜ் மஹால் 1593ஆம் ஆண்டில் பிறந்தவர். பேரரசர் ஜஹாங்கீரின் பட்டத்து இராணி நூர்ஜஹான் அவருக்கு அத்தை முறை. இளவரசர் குர்ரம் என்ற ஷாஜகானை 1612இல் மணந்தார். பத்தொன்பது ஆண்டு மண வாழ்க்கை, பதினான்கு பிள்ளைகள். அவர்களுள் பாதிப் பேரே பிழைத்து வளர்ந்தனர். கணவர் சென்ற போர்ப் பாசறைகளுக்கெல்லாம் உடன் சென்றவர், 1631 ஜூன் 17ஆம் திகதி, தக்காணப் படையெடுப்பின் தளமாக விளங்கிய புர்ஹான்பூரில், பதினான்காவது பிள்ளையைப் பெற்றெடுத்த நிலையில் இறந்தார். வயது முப்பத்தெட்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மனைவியுடன் ஆக்ராவுக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. வழிகாட்டி இந்த விபரங்களை உருக்கமாகச் சொல்லி முடித்தபோது என் மனைவி என் பக்கம் திரும்பி, “பதினாலு பிள்ளை பெத்த மனுசிக்கு மாளிகை ஏனப்பா? உயிரோட இருக்கேக்கை கொஞ்சம் ஆறுதலா இருக்க விட்டிருக்கலாம்” என்றார். காதலின் சின்னம் என்ற சொற்றொடரைப் பற்றி நான் எழுதக்கூடிய எதுவும் அந்த ஒரு வசனத்துக்கு ஈடாகாது.

ஷாஜகானின் துயரம் பொய்யென்று இதனால் ஆகிவிடாது. அரசர் பல நாட்கள் மக்கள் முன் தோன்றவில்லை என்றும், அவருடைய தாடி விரைவாக நரைத்துவிட்டது என்றும் அரசவை வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தனர். சம்பளம் பெற்று எழுதியவர்கள் என்பதால் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆயினும் உடலை முதலில் தப்தி நதிக்கரைத் தோட்டமொன்றில் அடக்கம் செய்து, ஆறு மாதங்களின் பின்னர் இளவரசர் ஷூஜாவின் பொறுப்பில் ஆக்ராவுக்குக் கொண்டு சென்றது நடந்த செய்தி. 1632இல் கட்டட வேலை தொடங்கியது.

அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. 1630 முதல் 1632 வரை தக்காணத்தையும் குஜராத்தையும் கொடிய பஞ்சம் ஒன்று பீடித்திருந்தது. ஆங்கிலேய கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியர் பீற்றர் மண்டி, 1630இன் இறுதியில் சூரத்திலிருந்து புறப்பட்டு புர்ஹான்பூர் வழியாக ஆக்ராவுக்குப் பயணம் செய்தார். வழி நெடுகக் கிடந்த பிணங்களையும், கூடாரம் அடிப்பதற்கு இடமின்றித் தவித்ததையும் அவர் தம் குறிப்பேட்டில் பதிவு செய்தார். ஆக்ராவில் மும்தாஜின் கல்லறையைச் சுற்றிப் பொன்னால் வேலி இடப்பட்டிருந்ததையும், தங்கமும் வெள்ளியும் சாதாரண உலோகங்கள் போலவும் சலவைக்கல் வெறுங்கல் போலவும் அங்கே புழங்கியதையும் எழுதியவரும் அவரே. பிணங்களும் பொன் வேலியும் ஒரே மனிதரின் ஒரே குறிப்பேட்டில் வருகின்றன. மூன்றாவது கேள்விக்கு ஐயமற்ற விடை உண்டு: அவர் அங்கே இருந்தார்.

இந்த இடத்தில் பேனாவை வேகமாக ஓட்ட ஆசை வரும். பஞ்சத்தில் செத்தவர்களின் எலும்புகள் மீது எழுந்த மாளிகை என்று ஒரு தலைப்பும் தயாராகிவிடும். ஆனால் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். ஷாஜகானின் ஆட்சி வரலாறான பாத்ஷாநாமாவை எழுதிய அப்துல் ஹமீத் லாஹோரி பஞ்சத்தை மறைக்கவில்லை. எலும்பைப் பொடியாக்கி மாவில் கலந்து விற்ற கொடுமையையும் அவர் எழுதுகிறார். புர்ஹான்பூர், அகமதாபாத், சூரத் முதலிய இடங்களில் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டதையும், திங்கட்கிழமை தோறும் 5,000 ரூபாவாக இருபது வாரங்கள் பணம் பகிர்ந்தளிக்கப்பட்டதையும், ஏறக்குறைய 70 இலட்சம் ரூபா வரி தள்ளுபடி செய்யப்பட்டதையும் சொல்கிறார். அதே ஆசிரியர் தாஜ்மஹாலுக்கு ஆன செலவாகக் குறிப்பிடுவது 50 இலட்சம் ரூபா.

இந்த எண்களை வைத்துக்கொண்டு பேரரசரை விடுதலை செய்துவிட முடியாது. பட்டினியால் இறந்தவனிடமிருந்து வரி வாங்க முடியாது என்பதும் வரித் தள்ளுபடிக்கு ஒரு காரணமாக இருக்கலாம். பஞ்சத்திலிருந்து மக்கள் மீள்வதற்குள் சலவைக்கல் வண்டிகள் புறப்பட்டுவிட்டன என்பதும் உண்மையே. எனினும் கல்மனம் கொண்ட கொடுங்கோலன் என்ற சித்திரமும், காதலில் உருகிய கவிஞன் என்ற சித்திரமும் ஏட்டில் உள்ள இந்தக் கணக்குக்குப் பொருந்தவில்லை.

ஆக்ரா அக்காலத்தில் ஆற்றங்கரை நகரம். யமுனையின் இரு கரைகளிலும் பிரபுக்களின் தோட்டங்களும் மாளிகைகளும் வரிசையாக நின்றன. கல்லறைக்கெனத் தெரிவு செய்யப்பட்ட இடம், ஆம்பேர் அரசர் ராஜா மான்சிங்கின் கொள்ளுப்பேரரான ராஜா ஜெய்சிங்குக்குச் சொந்தமானது. அங்கே அவர்களுடைய மாளிகை ஒன்றும் இருந்தது. நிலத்தைப் பெற்றுக்கொண்ட பேரரசர் அதற்கு ஈடாக நகரில் நான்கு மாளிகைகளை ஜெய்சிங்குக்கு வழங்கினார். 1633 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட அந்த ஆணை இன்றும் கிடைக்கிறது. ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து சலவைக்கல் கொண்டு வருவதற்கு வண்டிகளையும் கல்வெட்டுவோரையும் ஒழுங்கு செய்யும்படி ஜெய்சிங்குக்கு அனுப்பப்பட்ட ஆணைகளும் கிடைக்கின்றன. மக்ரானாவிலிருந்து ஆக்ரா ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மாட்டு வண்டிகள் அந்தத் தூரத்தைக் கடந்து கல்லைக் கொண்டு வந்தன. உலகத்தின் பெரும் கட்டடங்கள் பலவற்றுக்கு இல்லாத பேறு இது: தாஜ்மஹாலுக்கு உறுதியும் உண்டு, சிட்டையும் உண்டு.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். மொகலாயக் கல்லறைகள் பொதுவாகத் தோட்டத்தின் நடுவே அமைவன. டில்லியில் உள்ள ஹுமாயூனின் சமாதி அப்படித்தான் உள்ளது. தாஜ்மஹாலில் கல்லறை தோட்டத்தின் கோடியில், ஆற்றின் விளிம்பில் நிற்கிறது. இதனால் பின்னணியில் ஆகாயத்தைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. தெற்கே உள்ள பெருவாயிலின் வளைவுக்குள் நுழையும்போது வெண்மை திடீரெனக் கண்ணில் விழுவதன் இரகசியம் இதுவே. நூறு படங்களில் பார்த்ததுதானே என்ற அலட்சியத்துடன் வாயிலைக் கடந்த நானும் அங்கே சற்று நின்றுவிட்டேன். பின்னால் வந்த கூட்டம் தள்ளியபோதுதான் கால் நகர்ந்தது.

ஆற்று மணலில் இத்துணைப் பாரத்தை நிறுத்துவது இலேசான காரியமல்ல. நீர்மட்டம் வரை தோண்டிய பின்னரே அத்திவாரம் இடப்பட்டதாக லாஹோரி எழுதுகிறார். ஆற்றோரமாகக் கிணறுகளை இறக்கி, அவற்றைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு நிரப்பி, அவற்றின் மீதே மேடையை எழுப்பினர். மேலுள்ள சதுர மேடையின் பக்கம் ஏறக்குறைய 95 மீற்றர். அதன் நடுவில் உள்ள கல்லறை மண்டபத்தின் பக்கம் ஏறக்குறைய 57 மீற்றர். முழுவதும் சலவைக்கல் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. உள்ளுடல் செங்கல், சலவைக்கல் அதன் மேற்போர்வை. வளாகம் முழுவதும் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் நீளமுள்ள ‘கஸ்’ என்ற முழக்கோலினால் அளந்து கட்டப்பட்டது. அதனால்தான் எங்கு நின்று பார்த்தாலும் ஒரு பகுதி இன்னொன்றுக்குக் கணக்குச் சொல்கிறது.

குவிமாடம் உண்மையில் இரண்டு. உள்ளே நிற்பவர் தலைக்கு மேலே காண்பது தாழ்ந்த உட்கூரை. வெளியே வானளாவத் தெரிவது அதன் மீது கவிழ்த்த இன்னொரு கூடு. இரண்டுக்கும் இடையே பெரும் வெற்றிடம் இருக்கிறது. வெளியே வேண்டிய உயரத்தையும் உள்ளே வேண்டிய அடக்கத்தையும் ஒருங்கே பெறுவதற்குக் கையாண்ட உபாயம் இது. மேற்கே மக்காவை நோக்கிய பள்ளிவாசல் ஒன்று செம்மணற்கல்லில் நிற்கிறது. கிழக்கே அதே அளவில், அதே தோற்றத்தில் இன்னொரு கட்டடம். அது மேற்கின் சமநிலைக்காகவே எழுப்பப்பட்டது. ‘ஜவாப்’, அதாவது பதில், என்பதே அதன் பெயர். ஒரு கேள்வியைப் போல நிற்கும் கட்டடத்துக்கு இன்னொரு கட்டடத்தையே பதிலாக வைத்தவர்களின் கற்பனையை என்னென்பது!

வாயில் வளைவுகளைச் சுற்றிக் கறுப்புக் கல்லில் பதித்த குர்ஆன் வசனங்கள் செல்கின்றன. மேலே போகப் போக எழுத்தின் அளவு பெருகுகிறது. கீழே நின்று பார்ப்பவருக்கு அனைத்தும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவ்வாறு செய்தனர். எழுதியவர் ஷிராஸ் நகரத்தவரான அமானத் கான். வளாகம் முழுவதிலும் கைச்சாத்திடும் உரிமை பெற்றவர் அவர் ஒருவரே. எழுத்தை நம்பிப் பிழைத்த ஒருவனுக்கு அந்தச் செய்தி தந்த மகிழ்ச்சியை ஒளிப்பானேன்.

சலவைக்கல்லில் பள்ளம் செதுக்கி அதற்குள் வண்ணக் கற்களைப் பதிக்கும் வேலைப்பாட்டை ‘பர்ச்சின்காரி’ என்பர். கற்கள் வந்த நாடுகளென மரபாகச் சொல்லப்படும் பட்டியலில் ஆப்கானிஸ்தானும் திபெத்தும் சீனாவும் இருக்கின்றன. நீலக்கல்லுக்கு எமது இலங்கையின் பெயரும் இருக்கிறது. வழிகாட்டி சிறு மின்சூளை ஒன்றைக் கல்லின் மீது பிடித்தார். கார்னீலியன் என்ற செந்நிறக் கல்லில் செய்த பூவொன்று தணல்போல ஒளிர்ந்தது. இந்தக் கலையும் திடீரெனப் பிறந்ததல்ல. மும்தாஜின் பாட்டனார் இதிமாதுத்தௌலாவுக்கு அவருடைய மகள் நூர்ஜஹான் 1620களில் எழுப்பிய கல்லறை, அதே ஆக்ராவில், யமுனைக்கரையில் உள்ளது. வெண்சலவைக்கல்லும் கற்பதிப்பும் அங்கேயே முதிர்ந்துவிட்டன. பெரியவருக்கு வழங்கும் புகழில் ஒரு பங்கை அந்த அத்தைக்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

சிற்பிகளின் கைகள் துண்டிக்கப்பட்ட கதையை எமது வழிகாட்டியும் சொன்னார். யார் எழுதியது என்று வினவினேன். அவர் சிரித்துக்கொண்டு, அதைச் சொல்லாவிட்டால் பார்வையாளர்கள் தாம் எதையோ மறைத்துவிட்டதாக எண்ணுகிறார்கள் என்றார். ஷாஜகானின் காலத்து ஏடு எதிலும் அதற்கு ஆதாரமில்லை. அரசவையினர்தான் மறைத்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், நாட்டில் நடந்த கொடுமைகளைத் தயங்காமல் எழுதிய ஐரோப்பியப் பயணிகள் இதை ஏன் விட்டார்கள்? அதைவிட எளிய விடை ஒன்றும் உண்டு. தாஜ்மஹாலின் தலைமைக் கட்டடக் கலைஞர் உஸ்தாத் அஹ்மத் லாஹோரி என்று அவருடைய மகன் பாடி வைத்திருக்கிறார். அதே அஹ்மத் 1639இல் தொடங்கிய டில்லிச் செங்கோட்டையின் பணியிலும் முன்னின்றார். ஆக்ரா வேலையை மேற்பார்வை செய்த மக்ரமத் கானும் டில்லிப் பணிக்கு அனுப்பப்பட்டார். ஒரு தலைநகரையே புதிதாக எழுப்பப் போகும் அரசன் தன் கைதேர்ந்த வேலையாட்களின் கைகளை வெட்டுவானா?

வெட்டுண்ட கைகளைப் பற்றிப் பேசுபவர்கள் அந்தக் கைகள் விட்டுச் சென்ற தடயங்களைக் கவனிப்பதில்லை. வளாகத்தின் செம்மணற்கற்களில் கொத்தர்கள் பொறித்த குறிகள் இருக்கின்றன: நட்சத்திரம், மீன், சுவஸ்திகம், பூ. பல சமயத்தவர்களும் பல ஊரவர்களும் வேலை செய்தனர் என்பதற்கு அவை சாட்சி. எல்லோரும் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கையில் அந்தக் குறிகளைக் காண்பதற்குக் குனிய வேண்டியிருக்கிறது.

கறுப்புத் தாஜ்மஹாலுக்கு வருவோம். அந்தக் கதையின் ஊற்று ஜோன் பப்தீஸ்த் தவேர்னியே என்ற பிரெஞ்சு நாட்டு இரத்தின வணிகர். ஷாஜகான் ஆற்றின் மறுகரையில் தமக்கெனக் கல்லறை ஒன்றைத் தொடங்கினார் என்றும், புதல்வர்களுடன் மூண்ட போரினால் அது தடைப்பட்டது என்றும் அவர் எழுதினார். தாஜ்மஹால் வேலையின் தொடக்கத்தையும் முடிவையும் கண்ணால் கண்டதாகவும், 20,000 பேர் 22 ஆண்டுகள் உழைத்ததாகவும் எழுதியவரும் அவரே. ஆனால் அவர் ஆக்ராவுக்கு முதன்முதலாக வந்தது 1640ஆம் ஆண்டளவில். வேலை தொடங்கி எட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஒப்புநோக்காளரின் மூன்றாவது கேள்வி இங்கே பலிக்கிறது. அந்த 20,000 என்ற எண் இன்றும் பாடநூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் உலவி வருகிறது.

மறுகரையில் இருந்தது மேதாப் பாக் என்ற நிலாத் தோட்டம். 1990களில் அங்கே அகழாய்வு நடந்தபோது எண்கோண வடிவப் பெருந்தடாகம் ஒன்று வெளிப்பட்டது. கறுப்புக் கல்லறையின் அத்திவாரம் எதுவும் கிடைக்கவில்லை. நிலவொளியில் தாஜ்மஹாலின் நிழல் விழும் நீரே அங்கே திட்டமிடப்பட்டிருந்தது. கறுப்புத் தாஜ்மஹால் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தத் தடாகத்து நிழலாகத்தான் இருக்க வேண்டும்.

மும்தாஜின் பன்னிரண்டாவது நினைவு நாள் 1643இல் அங்கே கொண்டாடப்பட்டது. முப்பது கிராமங்களின் வருவாய் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1652இல், இளவரசர் ஔரங்கசீப் தந்தைக்கு எழுதிய கடிதம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமான ஆவணம். தாயின் கல்லறைக்குச் சென்று பார்த்தேன், மழைக்காலத்தில் குவிமாடத்தின் வடபக்கம் ஒழுகுகிறது, வளைவுகளின் மேற்பகுதிகளிலும் ஈரம், நிலாத் தோட்டம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கிறது என்று பொறுப்பான மேற்பார்வையாளர் போல மகன் எழுதுகிறார். எமது வீடுகளில் ஓடு மாற்றுவது பற்றிப் பிள்ளைகள் கடிதம் எழுதுவதைப் போலவே இருக்கிறது. ஆறு ஆண்டுகள் கழித்து அதே மகன் அதே தந்தையை ஆக்ராக் கோட்டையில் சிறைவைத்தார். 1666 ஜனவரியில் ஷாஜகான் அங்கேயே இறந்தார். மகள் ஜஹானாராவே இறுதிவரை உடனிருந்தார். உடலைப் படகில் கொண்டு சென்று மும்தாஜின் மேற்குப் பக்கத்தில் அடக்கம் செய்தனர். மும்தாஜின் கல்லறை மண்டபத்தின் சரியான மையத்தில் இருக்கிறது. எல்லாமே இரண்டிரண்டாகச் சமன் செய்யப்பட்ட அந்த வளாகத்தில் சமநிலையைக் குலைப்பது அதைக் கட்டுவித்தவரின் கல்லறை ஒன்றே.

பார்வையாளர்கள் காண்பவை அடையாளக் கல்லறைகள். உண்மையான கல்லறைகள் கீழறையில் எளிமையாக இருக்கின்றன. மேல் மண்டபத்துக்கு 2018இன் இறுதி முதல் தனிக் கட்டணம் அறவிடுகிறார்கள். சார்க் நாட்டவர் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டினால் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணத்தில் ஏறக்குறைய பாதியே எம்மிடம் வாங்குகிறார்கள் என்பதைப் பயணம் செய்ய எண்ணும் வாசகர்களுக்கு இடையில் சொல்லி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை பூட்டு.

பேரரசு தளர்ந்தபோது கட்டடமும் சூறையாடப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் பதிப்புக் கற்களைக் கிண்டி எடுத்துச் சென்றவர்களும் உண்டு. பென்டிங்க் பிரபு தாஜ்மஹாலை இடித்து ஏலம் விடத் திட்டமிட்டார் என்று இந்தியர்கள் இன்றும் சொல்வர். ஆக்ராக் கோட்டையிலிருந்து கழற்றிய சலவைக்கற்களை விற்றதிலிருந்து முளைத்த வதந்தி அது என்பது அவருடைய வரலாற்றை எழுதியவரின் முடிவு. வதந்தி ஆட்சியாளன் பக்கமும் போகும், ஆளப்படுபவன் பக்கமும் போகும். தோட்டத்தையும் கட்டடத்தையும் இன்றைய நிலைக்குச் சீர்செய்ததில் கர்சன் பிரபுவுக்குப் பெரும் பங்குண்டு. கெய்ரோவில் செய்வித்து அவர் கொடுத்த விளக்கு இன்றும் கல்லறைக்கு மேலே தொங்குகிறது.

நான்காவது கதையே இன்று மிகவும் பாரதூரமானது. பி. என். ஓக் என்பவர் 1960களில் தொடங்கி எழுதிய நூல்களில், தாஜ்மஹால் மொகலாயர் கட்டியதன்று, அது இந்து அரண்மனை என்றும் பின்னர் சிவாலயம் என்றும் வாதிட்டார். இந்திய உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. 2022 மே மாதத்தில், பூட்டியிருக்கும் 22 அறைகளைத் திறந்து பார்க்க வேண்டும் எனக் கோரிய மனுவை அலகாபாத் உயர் நீதிமன்றம் நிராகரித்தது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றமும் நிராகரித்தது. அந்த அறைகளில் நடைபெற்ற திருத்த வேலைகளின் படங்களை இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அங்கே சுண்ணாம்புப் பூச்சும் ஈரச் சுவரும் தவிர வேறெதுவும் தென்படவில்லை.

இவ்வாதத்தின் விசித்திரம் என்னவென்றால், அது பிடித்துத் தொங்கும் ஆதாரமே அதற்கு எதிரான ஆதாரமும் ஆகும். மான்சிங்கின் மாளிகை அந்த நிலத்தில் இருந்ததாக மொகலாய ஏடே சொல்கிறதல்லவா என்று கேட்கிறார்கள். ஆம், சொல்கிறது. யாரும் அதை மறைக்கவில்லை. ஆனால் நீர்மட்டம் வரை தோண்டிப் புதிய அத்திவாரம் இட்டதையும் அதே ஏடுதான் சொல்கிறது. ஒரு சாட்சியின் முதல் வசனத்தை ஏற்றுக்கொண்டு இரண்டாவது வசனத்தின்போது காதைப் பொத்திக்கொள்வது விசாரணையாகாது.

இது ஆராய்ச்சியாளர்களின் சண்டை, எமக்கென்ன என்று இருந்துவிடலாம். அவ்வாறு என்னால் இருக்க முடியவில்லை. ஒரு கட்டடம் யாருடையது என்ற கேள்வி சில காலம் கழித்து அந்த ஊர் யாருடையது, அந்தத் தெருவில் குடியிருப்பவன் யார் என்ற கேள்வியாக மாறுவதை என் தொழில் வாழ்க்கையில் கண்டிருக்கிறேன். செய்தியாக வந்ததை வதந்தி என்று நிரூபிப்பதற்குள் வீடுகள் எரிந்து முடிந்துவிடும். தாஜ்மஹாலின் தெற்கு வாயிலுக்கு அப்பால் தாஜ்கஞ்ச் என்ற குடியிருப்பு இருக்கிறது. கட்டடத்தோடு சேர்ந்து பிறந்த சந்தையும் சத்திரங்களுமே அதன் மூலம். அங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் அந்தக் கட்டடத்தை நம்பி அடுப்பு மூட்டுகிறார்கள். கதை திசை மாறினால் முதலில் அணையப் போவது அந்த அடுப்புகள்தான்.

கதைகளில் நாம் மூழ்கியிருக்க, கல் கறுத்துக்கொண்டிருந்தது. சட்டத்தரணி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 30ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 292 தொழிற்சாலைகள் நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும் அல்லது இடம்பெயர வேண்டும் என்றது. 2018இல் அதே நீதிமன்றம், ஒன்றில் இதைப் பாதுகாருங்கள் அல்லது இடித்துவிடுங்கள் என்று அரசாங்கத்தைக் கடிந்துகொண்டது. நதியின் அழுக்கில் பெருகும் பூச்சிகள் சுவரில் பச்சைக் கறை படிய வைத்தன. எமது பாட்டிமார் முகத்துக்குப் பூசிய முல்தானி மண்ணைக் குழைத்துச் சுவரில் அப்பி, காய்ந்ததும் கழுவி, கறையை நீக்குகிறார்கள். 2023 ஜூலையில் யமுனை பெருகி 45 ஆண்டுகளின் பின்னர் வெளிச் சுவரைத் தொட்டது. 2024 செப்டம்பரில் தொடர்ந்து பெய்த பெருமழையில் தோட்டம் நீரில் மூழ்கியது. பிரதான குவிமாடத்தில் கசிவு காணப்பட்டது. சேதம் எதுவும் இல்லை, வெறும் கசிவுதான் என்று தொல்லியல் துறையினர் அறிவித்தனர். அச்செய்தியை வாசித்தபோது 1652ஆம் ஆண்டுக் கடிதம் நினைவுக்கு வந்தது. 372 ஆண்டுகள் கழித்தும் ஒருவர் ஏறிப் பார்த்து, எங்கே ஒழுகுகிறது என்று எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது. காப்பாற்றுவது என்பது வேறொன்றுமில்லை, இதுதான்.

ஆக்ராவில் கற்பதிப்பு வேலையைப் பரம்பரையாகச் செய்யும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. தாஜ்மஹாலைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறார்கள். புறப்படும் நாளன்று ஒடுங்கிய பட்டறை ஒன்றில் முதியவர் ஒருவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இடது கையால் கோலொன்றை இழுத்து இழுத்துச் சாணைச் சக்கரத்தைச் சுழற்றினார். வலது கையின் விரல் நுனிகளில் அரிசியிலும் சிறிய கல்லொன்றைப் பிடித்து அதன் ஓரத்தைத் தேய்த்தார். விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்றிருந்தன. எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். நீலக்கல் வரும் இடம் என்று சொல்லிச் சிரித்தார். அவர் அதில் வேலை செய்ததுண்டா என்று கேட்டேன். இல்லை, அது விலை கூடியது, எமக்குக் கட்டாது என்று சொல்லிவிட்டு, அடுத்த கல்லை எடுத்தார்.